கேளுங்கள் சொல்கிறேன்: டேக்கிள்களில் யார் நம்பர் ஒன்? (2025 சீசனுக்குச் சற்று முன் எழுதியது)

கேள்வி: 2025 சீசன் நெருங்குகிறது, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் டேக்கிள்களுக்கு ஆளாளுக்குத் தரவரிசை போடுகிறார்கள். பந்தையே தொடாத ஆட்களை எதை வைத்து சார் வரிசைப்படுத்துவது?

பதில்: குத்துமதிப்பாகத்தான். பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்குக்கு எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன் (அதாவது கோல் மாதிரி) என்று எண்ணிவிடலாம். அவரை அமுக்கப் பாய்ந்து வருகிறவனை வரிசையின் ஓரத்தில் நின்று மறிப்பவர் டேக்கிள், அவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் அங்கே ஒன்றுமே நடக்காது. விக்கெட் கீப்பர் மாதிரி, கோட்டைவிட்டால்தான் கேமரா அவர் பக்கம் திரும்பும். இரண்டரை வினாடி தடுத்து நிறுத்தினால் ஜெயித்ததாக ஈஎஸ்பிஎன் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அது பந்தை வீசும் பாஸ் ஆட்டத்துக்கு; பந்தோடு ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடுவதற்குத் தனிக் கணக்கு. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சண்டையே.

கேள்வி: உங்கள் வரிசையைச் சொல்லுங்கள், மழுப்பாமல்.

பதில்: முதலிடம் டெட்ராய்ட் லயன்ஸின் வலது டேக்கிள் பெனே சூவல். 2023, 2024 இரண்டு வருஷமும் ஆல்-ப்ரோ, அதாவது சீசனின் சிறந்தவர்கள் பட்டியலில், முதல் அணி, இன்னும் 25 வயதுகூட ஆகவில்லை. பந்தையே தொடாதவர்கள் என்றீர்களே, 2022 டிசம்பரில் மினசோட்டாவுக்கு எதிராக, 150 கிலோ உடம்போடு ஓடி இவர் ஒரு பாஸைப் பிடித்தார், வெற்றி உறுதியானது. இரண்டாவது டாம்பா பேயின் ட்ரிஸ்டன் வர்ஃப்ஸ். 2021-இல் வலது பக்கம் ஆல்-ப்ரோ, பிறகு இடது பக்கம் மாறி 2024-இல் மறுபடியும். எழுதும் கையை மாற்றிக்கொண்டு அதே கையெழுத்தைக் கொண்டுவருகிற காரியம் அது. ஜூலையில் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகாமல் இருந்திருந்தால் முதலிடத்துக்கு யோசித்திருப்பேன். மூன்றாவது ஃபிலடெல்பியா ஈகிள்ஸின் லேன் ஜான்சன். நான்காவது சான் பிரான்சிஸ்கோவின் ட்ரென்ட் வில்லியம்ஸ். 37 வயது, போன வருஷம் கணுக்கால் படுத்தியது, மனசு கேட்காமல்தான் கீழே இறக்கினேன். ஐந்தாவது அதே ஈகிள்ஸின் ஜோர்டன் மைலாட்டா.

கேள்வி: இடது டேக்கிள்தானே உசத்தி? வலது பக்கத்து ஆளுக்கு முதலிடமா?

பதில்: வலது கைக்காரர் வீசத் திரும்பினால் இடப்பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அதனால் வந்த மரியாதை அது. இப்போது எதிரணி தன் சூரனை எந்த ஓரத்திலும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தக் கணக்கு பழசாகிவிட்டது.

கேள்வி: மைலாட்டா இந்த ஆட்டத்தையே ஆடாமல் வந்தவராமே?

பதில்: நிஜம்தான். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்த பையன். 6 அடி 8 அங்குலம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவரை ஈகிள்ஸ் 2018-இல், புது ஆட்களை அணிகள் எடுக்கும் டிராஃப்டின் ஏழாவது சுற்றில் எடுத்தது. 2025 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று ஈகிள்ஸ் வென்ற சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் அவர்தான் இடது டேக்கிள்.

கேள்வி: ஆறாவது யார்?

பதில்: லாஸ் ஏஞ்சல்ஸ் சார்ஜர்ஸின் இடது டேக்கிள் ரஷான் ஸ்லேட்டர் என்று எழுதி வைத்திருந்தேன். ஜூலைக் கடைசியில் 4 வருஷத்துக்கு 114 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார், ஆகஸ்ட்டில் பயிற்சியிலேயே முழங்கால் தசைநார் அறுந்து இந்த சீசனே போய்விட்டது. வலது பக்கம் ஆடிக்கொண்டிருந்த ஜோ ஆல்ட் அந்த இடத்துக்கு வருகிறார், ஆடுவது இரண்டாவது சீசன்தான். அவரை ஆறாவதாகப் போடலாமா என்று நவம்பரில் கேளுங்கள்.