விட்டுவிட்டு மறுபடி தொடும் சிகரெட்: உறுதி எங்கிருந்து வரும்?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 42. கல்லூரிக் காலத்தில் விளையாட்டாகத் தொட்ட சிகரெட், இன்று நாளைக்குப் பதினைந்து என்ற கணக்கில் நிற்கிறது. காலையில் எழுந்து பல் துலக்கும் முன்பே ஒன்று வேண்டும். அது இல்லாமல் வயிறும் இளகாது, மூளையும் ஓடாது.

விட வேண்டும் என்று நினைக்காத நாளே இல்லை. புத்தாண்டு, பிறந்தநாள், திருமண நாள் என்று எல்லாவற்றையும் சாக்காக வைத்து விட்டுப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் இரண்டாம் நாள், மூன்றாம் நாளோடு சரி. தலை கனக்கும், தூக்கம் கெடும், கை நடுங்கும், வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவேன். ஒருமுறை மனைவியே பொறுக்க முடியாமல், "இதுக்கு நீங்க ஒண்ணு குடிச்சே தொலைச்சிருக்கலாம்" என்றாள். எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தேன். ஆறு வரை இறக்கினேன். வேலை நெருக்கடி வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன். விக்கலும் தொண்டை எரிச்சலும்தான் மிச்சம்.

ஒரே ஒரு தடவை இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். இனி இது என்னை ஒன்றும் செய்யாது என்று தைரியம் வந்துவிட்டது. நண்பர்கள் கூடிய ஓர் இரவில், மது அருந்திக்கொண்டிருந்தபோது, "ஒன்றே ஒன்றுதானே" என்று ஒருவரிடம் வாங்கிப் பற்றவைத்தேன். அந்த வாரக் கடைசியில் நானே பாக்கெட் வாங்கத் தொடங்கியிருந்தேன்.

இப்போது விடப்போகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "போன தடவையும் இப்படித்தானேப்பா சொன்னீங்க" என்கிறாள் மகள். மற்ற விஷயங்களில் எடுத்த காரியத்தை முடித்துவிட்டுத்தான் எழுவேன். இதில் மட்டும் ஏன் உறுதி இல்லை? அது எங்கிருந்து வரும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். சிகரெட்டை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுங்கள். விட்டுவிட முடியும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு எண் கொடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் முதல் எண் 9க்குக் குறையாது, இரண்டாவது 2 அல்லது 3தான் இருக்கும் என்று தோன்றுகிறது. உறுதி இல்லை என்று நீங்கள் சொல்வது உண்மையில் இந்த இரண்டாவது எண்தான். விடும் ஆசை உங்களிடம் நிறையவே இருக்கிறது. ஒவ்வொரு தோல்வியும் நம்பிக்கையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது. அதை வீராவேச சபதம் திருப்பித் தராது. போனமுறை எங்கே உடைந்ததோ, அந்த இடத்தில் இம்முறை வேறு ஏற்பாடு இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்தால்தான் அது ஏறும். ஆகவே உங்கள் தோல்விகளைப் பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் நேர்ந்தது.

மூன்றாம் நாள் தோல்வி உடல் சம்பந்தப்பட்டது. இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவு முழுக்கத் தூங்கி எழும்போது அளவு அடிமட்டத்துக்குப் போயிருக்கும். காலையில் எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறது என்றால், உடலின் சார்பு அதிகம் என்று பொருள். விட்டபின் வரும் தவிப்பு சில மணி நேரத்தில் தொடங்கி, 2, 3ஆம் நாளில் உச்சம் தொட்டு, 2 முதல் 4 வாரத்தில் தணியும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அந்த உச்சியில் நின்றுகொண்டு, இனி வாழ்நாளெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கைவிட்டிருக்கிறீர்கள். இறக்கம் அடுத்த அடியிலேயே இருந்தது.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், காபியில் இருக்கும் கஃபீனைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும். நீங்கள் வழக்கம்போல் குடிக்கும் அதே காபி, உடலில் ஏறக்குறைய இரு மடங்கு காபியாக வேலை செய்யும். நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் சிகரெட் இல்லாத குறை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதில் ஒரு பங்கு கஃபீனுடையது. விடும் நாளிலிருந்து காபி, டீயைப் பாதியாக்குங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம்.

அடுத்து சூயிங்கம். விக்கலும் எரிச்சலும் வந்ததென்றால், சாதாரண சூயிங்கம்போல் விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருக்கிறீர்கள். நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய்விட்டால் பயன் குறைவு, தொல்லை அதிகம். கன்னத்தின் உட்சவ்வு வழியாகத்தான் அது இரத்தத்தில் சேர வேண்டும். மெதுவாக மெல்லுங்கள். காரமாகவோ சுறுசுறுவென்றோ உணர்ந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி சில மெல்லல், பிறகு மறுபக்கம் ஒதுக்கல். இப்படி ஒரு கம் 30 நிமிடம் வர வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்னாலும், வாயில் இருக்கும் நேரத்திலும் காபி, பழச்சாறு, சோடா எதுவும் கூடாது. வாயில் புளிப்பு ஏறினால் நிக்கோட்டின் உள்ளே போகாது. எழுந்த 30 நிமிடத்துக்குள் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் கம், மற்றவருக்கு 2. நீங்கள் 2 வாங்கியிருந்தால் அது ஆரம்பத்திலேயே போதாது. கம் மட்டும் பயன்படுத்துவதானால் முதல் 6 வாரம் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு 24க்கு மேல் கூடாது. தவிப்பு வந்தபின் எடுப்பதைவிட, கடிகாரம் பார்த்து எடுப்பது நல்லது. சிகரெட் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையைத் தொடும். கம்முக்கு 20, 30 நிமிடம் பிடிக்கும். சிகரெட் தரும் அந்தக் 'கிக்'கை இதில் தேடினால் ஏமாற்றம்தான்.

உங்கள் நிலைக்கு கம் மட்டும் போதுமா என்பது எனக்குச் சந்தேகமே. தோலில் ஒட்டும் பேட்ச் நாள் முழுக்கச் சீராக நிக்கோட்டின் தரும். திடீரென எழும் தவிப்புக்கு மட்டும் கம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிடக் கூடுதல் பலன் என்பது ஆய்வுகளில் உறுதியானது. நாளைக்கு 10க்கு மேல் பிடிப்பவருக்கு வழக்கமான அளவு 21 மில்லிகிராம் பேட்ச் 6 வாரம், 14 மில்லிகிராம் 2 வாரம், 7 மில்லிகிராம் 2 வாரம். முடியில்லாத, உலர்ந்த தோலில், தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். கெட்ட கனவு வந்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாம். நடுவில் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். பலர் சறுக்குவது அங்கேதான். மாத்திரை வழியும் உண்டு. வரெனிக்ளின் என்ற மருந்தை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, அளவைப் படிப்படியாக ஏற்றி, பொதுவாக 12 வாரம் எடுப்பார்கள். குமட்டல் வரக்கூடும் என்பதால் சாப்பிட்டபின் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு. புப்ரோபியான் இன்னொன்று. வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த மருந்துகளையும் ஆலோசனையையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. எது உங்களுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்தோடு விட்டால் அது சொந்த முயற்சி ஆகாது என்ற எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு துணையும் இல்லாமல் விடுபவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் 6 மாதம், ஒரு வருடம் என்று நிலைக்கிறார்கள்.

குறைத்துக் குறைத்து விடும் முறை ஏன் நிற்கவில்லை என்றால், மிச்சமிருக்கும் ஆறும் உங்களை அறியாமலே ஆழமாக, அடிவரை இழுக்கப்படும். போதாக்குறைக்கு அவற்றின் மதிப்பும் கூடிவிடும். அடுத்தது எப்போது என்று நாள் முழுக்கக் காத்திருப்பீர்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் 4 வாரம் கடந்தார்கள். குறைத்துக்கொண்டே வந்து விட்டவர்களில் 39 சதவீதம் பேர். இரு தரப்பினரும் மருந்தும் ஆலோசனையும் பெற்றவர்கள்தான். உங்களுக்கு முதல் வழியையே சொல்வேன்.

இனி அந்த இரண்டு மாதத் தோல்வி. கடிதத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். அப்போது உடலின் தேவை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆகவே உங்களை வீழ்த்தியது நிக்கோட்டின் பசி அல்ல. அந்த நண்பர்கள், அந்த மேசை, கையில் மது என்ற பழைய சேர்க்கை, கூடவே "இது என்னை ஒன்றும் செய்யாது" என்ற நினைப்பு. மது, யோசித்துச் செயல்படும் திறனைத்தான் முதலில் தளர்த்தும். அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். ஒரு சிகரெட்டுக்கும் வாரக் கடைசியில் வாங்கிய பாக்கெட்டுக்கும் இடையில் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் மனம் என்ன சொல்லியிருக்கும்? "ஒன்றும் ஆகவில்லையே, எப்போதாவது ஒன்று பரவாயில்லை" என்றோ, "எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கிறது" என்றோ சொல்லியிருக்கும். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். சறுக்கியது வேறு, பழக்கத்துக்குத் திரும்பியது வேறு. நடுவில் இருந்த அந்த நாட்களில் மீட்க வழி இருந்தது.

உறுதி என்பதை ஓர் உணர்ச்சியாக எதிர்பார்க்காதீர்கள். உணர்ச்சி காலையில் இருக்கும், மாலை களைப்பில் இருக்காது. "இப்போது ஒன்று பிடிக்கலாமா" என்ற வழக்கை நாளைக்கு முப்பது தடவை மனத்துக்குள் நடத்தினால், களைத்த நேரத்தில் ஒருமுறையாவது தோற்போம். உறுதி என்றால் அந்த வழக்கை ஒரே தடவை முடித்து வைப்பது. ஒரு இழுப்பும் கிடையாது, எந்தக் காரணத்துக்கும் கிடையாது. அடுத்தவர் நீட்டினால் "விட முயற்சி பண்றேன்" என்று சொல்ல வேண்டாம், அது அவர் இன்னொரு தடவை வற்புறுத்த இடம் கொடுக்கும். "நான் பிடிக்கிறதில்லை" போதும்.

அந்த முடிவு நிற்க, சிகரெட் உங்களுக்குத் தருவதையும் நேர்மையாக எழுத வேண்டும். கெடுதலை மட்டும் எழுதும் பட்டியல் பாதிப் பட்டியல். உங்கள் கடிதத்திலேயே மலம் இளகுவது இருக்கிறது. வேலை நடுவே எழுந்து வெளியே போகும் ஐந்து நிமிட ஓய்வும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இவற்றுக்கு மாற்று வேண்டும். விட்டபின் சில வாரம் மலச்சிக்கல் இயல்பு. எழுந்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீர், சற்று நடை, நார்ச்சத்துள்ள உணவு. ஓய்வை விடாதீர்கள், அதே நேரத்தில் எழுந்து வேறு பக்கம் போங்கள். மன அழுத்தம் குறைகிறது என்பதைப் பெருமளவு நம்ப வேண்டாம். முந்தைய சிகரெட் இறங்கியதால் வந்த பதற்றத்தை அடுத்தது தணிக்கிறது, அவ்வளவே. விட்டவர்களுக்குச் சில மாதத்தில் பதற்றம் குறைவதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்றிலிருந்து 2 வாரத்துக்குள் ஒரு தேதி குறியுங்கள். பண்டிகை நாளோ பிறந்தநாளோ வேண்டாம். முதல் 4 நாட்களில் பெரிய வேலை எதுவும் இல்லாத நாளாகப் பாருங்கள். அதற்கு முந்தைய வாரம் பிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், உடன் இருந்தவர், எவ்வளவு தேவைப்பட்டது என்று பாக்கெட்டிலேயே ஒரு தாளைச் சொருகிக் குறியுங்கள். பாதியாவது கை தானாக எடுத்தவை என்று தெரியவரலாம். மீதியில் கடினமான மூன்று நேரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "எழுந்ததும் தோன்றினால், நேராகக் குளியலறைக்குப் போய்ப் பல் துலக்கி, பேட்ச் ஒட்டுவேன்." "வேலையில் திட்டு வாங்கினால், 4 மில்லிகிராம் கம்மை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஒரு மாடி ஏறி இறங்குவேன்." பொதுவாக எழுதினால் பயனில்லை, எங்கே, எதை என்று இருக்க வேண்டும். ஒரு தவிப்பு பொதுவாக 3 முதல் 5 நிமிடத்தில் தானே இறங்கும். அதுவரை கடத்தினால் போதும்.

முந்தைய இரவு வீடு, வண்டி, பை, சட்டைப் பை, மேசை இழுப்பறை எல்லாவற்றையும் துழாவி சிகரெட், லைட்டர், ஆஷ்ட்ரேயை அகற்றுங்கள். அவசரத்துக்கென்று ஒன்றை ஒளித்து வைப்பவர், அந்த அவசரத்தைத் தானே வரவழைத்துக்கொள்வார். மது முதல் 3 மாதம் அறவே வேண்டாம். அந்த நண்பர்களை உணவு நேரத்தில் சந்தியுங்கள்.

வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். "முதல் நாலு நாள் சிடுசிடுப்பேன், உங்கள் மேல் கோபமில்லை. நானே கெஞ்சினாலும் போய்ப் பிடி என்று சொல்லாதே" என்று மனைவியிடம் சொல்லுங்கள். மகளிடம் சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம். இம்முறை என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று அந்த மூன்று வாக்கியங்களையும் எழுதிய தாளைக் காட்டுங்கள்.

எடை முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ கூடும். அதைக் குறைக்கும் வேலையை 3 மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். இருமல் சில வாரம் அதிகமாகலாம், அது நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்வது.

தப்பித்தவறி ஒன்று பிடித்துவிட்டால், மீதியைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். பேட்சைக் கழற்றி, "நாளையிலிருந்து புதிதாக" என்று தள்ளிப்போட வேண்டாம். மருந்து அப்படியே தொடரட்டும். எங்கே, யாருடன் என்று எழுதி, அதற்கு நான்காவது வாக்கியத்தைச் சேருங்கள். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்த சிகரெட்தான் இரண்டாவதைக் கேட்கும்.

மருத்துவரைப் பார்க்கும்போது இதய நோய், வலிப்பு, நீரிழிவு உண்டா என்பதையும், மனநல மருந்து எடுக்கிறீர்களா என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். புகை நின்றதும் சில மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அடுத்த சந்திப்பை முதல் வார முடிவிலும் நாலாவது வாரத்திலும் வைப்பது வழக்கம். உங்களுக்கு எட்டாவது வாரத்திலும் ஒன்று கேட்டு வாங்குங்கள், அப்போது எவ்வளவு தெம்பாக இருந்தாலும் போய்வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்