அடியில் வைர முத்திரை உள்ள பழைய அச்சுக் கண்ணாடிக் கிண்ணம்: யார் செய்தது, எந்த ஆண்டு?

உங்கள் கேள்வி: சர்க்கரைக் கிண்ணம் போன்ற ஒரு கனத்த கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில், நான்கு மூலைகளிலும் எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு சாய்சதுரம் இருக்கிறது. அதன் வயதையும் செய்தவரையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

அது பிரிட்டிஷ் டிசைன் பதிவு முத்திரை. 1842 முதல் 1883 வரை புழக்கத்தில் இருந்தது. மேலே ஒரு சிறு வட்டத்துக்குள் பொருளின் வகை ரோமன் எண்ணில் இருக்கும். கண்ணாடிக்கு மூன்று, மண்பாண்டத்துக்கு நான்கு. முதலில் மூன்று நேர்க்கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

வாசிப்பதற்கு முன் ஒரு விஷயம். முத்திரை பல பாத்திரங்களில் கிண்ணத்தின் உட்புற அடியில் இருக்கும். அதை வெளிப்புறத்திலிருந்து கண்ணாடி வழியே பார்த்தால் எழுத்து இடவலம் மாறித் தெரியும், தேதி தவறாகிவிடும். முத்திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை விரலால் தடவி உறுதி செய்துகொண்டு, அந்தப் பக்கத்திலிருந்தே படியுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் டால்கம் பவுடரை லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் சியும் ஜியும் குழம்பாது.

இனி முத்திரை. இதில் இரண்டு காலகட்டங்கள் உண்டு. மூலைகளின் பொருள் 1868-ல் மாறியது. வகை வட்டத்துக்கு நேர் கீழே எழுத்து இருந்தால் அது 1842–67: மேலே ஆண்டு, இடப்பக்கம் மாதம், வலப்பக்கம் நாள், கீழே பார்சல் எண் (அன்றைய பதிவுகளைப் பிரித்துக் காட்டும் எண்). அங்கே எண் இருந்தால் 1868–83: மேலே நாள், இடப்பக்கம் பார்சல் எண், வலப்பக்கம் ஆண்டு, கீழே மாதம். இதைக் கவனிக்காமல் எழுத்தை மட்டும் பட்டியலில் தேடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். எச் என்ற ஒரே எழுத்து முதல் சுற்றில் 1843, இரண்டாம் சுற்றில் 1869.

அச்சுக் கண்ணாடியில் அதிகம் கிடைப்பது இரண்டாம் சுற்று என்பதால் அதன் ஆண்டு எழுத்துகளை முழுதாகத் தருகிறேன்: 1868 எக்ஸ், 1869 எச், 1870 சி, 1871 ஏ, 1872 ஐ, 1873 எஃப், 1874 யூ, 1875 எஸ், 1876 வி, 1877 பி ('பீட்டர்' என்பதில் வருவது), 1878 டி ('டில்லி' என்பதில் வருவது), 1879 ஒய், 1880 ஜே, 1881 இ, 1882 எல், 1883 கே. மாதங்கள் இரு சுற்றுக்கும் பொது: ஜனவரி சி, பிப்ரவரி ஜி, மார்ச் டபிள்யூ, ஏப்ரல் எச், மே இ, ஜூன் எம், ஜூலை ஐ, ஆகஸ்ட் ஆர், செப்டம்பர் டி (இதுவும் 'டில்லி' என்பதில் வருவது), அக்டோபர் பி ('பாம்பே' என்பதில் வருவது), நவம்பர் கே, டிசம்பர் ஏ. சில விதிவிலக்குகளும் உண்டு. 1878 மார்ச் 1 முதல் 6 வரை பதிவானவற்றில் ஆண்டுக்கு டபிள்யூவும் மாதத்துக்கு ஜியும் போட்டுவிட்டார்கள்.

ஒரு உதாரணம்: இங்கிலாந்தின் சண்டர்லாண்டைச் சேர்ந்த கண்ணாடி உற்பத்தியாளர் ஹென்றி கிரீனர் வெளியிட்ட, பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் நினைவுத் தட்டு 1869 ஜூலை 31-ல் பதிவானது. அதன் முத்திரையில் மேலே 31, வலப்பக்கம் எச், கீழே ஐ.

பார்சல் எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே நாளில் பல நிறுவனங்கள் பதிவு செய்திருக்கும். அன்றைய பதிவுகளில் உங்களுடையது எது என்று பிரித்துக் காட்டுவது அந்த எண்தான். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவேடுகள் இருக்கின்றன. தேதியும் பார்சல் எண்ணும் சேர்ந்தால் பதிவு செய்தவரின் பெயர் கிடைக்கும்.

1884-லிருந்து சாய்சதுரம் போய், ஆர்டி ('ரெஜிஸ்டர்ட்', அதாவது பதிவானது) என்ற சுருக்கத்துடன் வெறும் தொடர் எண் வந்தது. 1890 தொடக்கத்தில் அது சுமார் 1,41,000. 1900 தொடக்கத்தில் சுமார் 3,51,000. கேட்ஸ்ஹெட்டின் டேவிட்சன் கண்ணாடி நிறுவனத்தின் 130643 என்ற எண் 1889-ஐச் சேர்ந்தது.

இவ்வளவும் சொல்வது டிசைன் பதிவான நாளை மட்டும்தான். உங்கள் கையில் இருக்கும் பாத்திரம் அன்றைக்குச் செய்யப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடி டிசைனுக்குச் சட்டப் பாதுகாப்பு மூன்று ஆண்டுகள்தான் என்றாலும், இரும்பு அச்சைச் செதுக்க ஆன செலவை எடுக்க, அச்சு தேயும்வரை பல ஆண்டுகள் அடித்தார்கள். மூடிய தொழிற்சாலைகளின் அச்சுகளை மற்றவர்கள் வாங்கி ஓட்டியதும் உண்டு. விற்பவர் '1872ஆம் ஆண்டுக் கிண்ணம்' என்றால், '1872-லோ அதற்குப் பிறகோ' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இங்கேதான் தொழிற்சாலைச் சின்னம் உதவும். கேட்ஸ்ஹெட்டின் சவர்பி நிறுவனம் மயில் தலையை 1876-லிருந்து போட்டது. சாய்சதுரம் 1872 என்று சொல்லி, பக்கத்தில் மயில் தலையும் இருந்தால், அந்தப் பாத்திரம் 1876-க்கு முந்தையதாக இருக்க முடியாது. பழைய அச்சில் சின்னத்தைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். கிரீனரின் சின்னம் நட்சத்திரம் ஏந்திய சிங்கம். ஜேம்ஸ் ஜாப்ளிங் அந்தத் தொழிற்சாலையை வாங்கிய 1885 வாக்கில் அது கோடரி ஏந்திய சிங்கமானது. கோட்டை மதிலிலிருந்து எழும் அரைச்சிங்கம் டேவிட்சன், 1880-கள். நங்கூரத்தின் மேல் ஜே, டி எழுத்துகள் இருந்தால் மான்செஸ்டர் பகுதியின் ஜான் டெர்பிஷயர், 1870-கள். மயில் தலை மிகச் சிறியது, பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

அடுத்து, பாத்திரம் உண்மையிலேயே அச்சில் அழுத்தியதுதானா? அழுத்தியதில் உட்புறம் வழவழப்பாக இருக்கும், ஏனென்றால் அதை உருவாக்கியது உள்ளே இறங்கிய உலக்கை. வெளியே மேடு பள்ளம் இருந்தாலும் உள்ளே அதன் சாயல் வராது. அச்சுக்குள் ஊதியதில் வெளி வடிவத்தை உட்சுவரும் பின்தொடரும். கையால் வெட்டிய கட் கிளாஸில் விளிம்பு விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மை; அச்சுத் துண்டுகள் சேர்ந்த கோடு இராது. நல்ல அச்சில் அந்தக் கோட்டை வடிவத்தின் ஒரு விளிம்போடு ஒட்டி மறைத்திருப்பார்கள். தீயில் காட்டி மெருகேற்றினால் இன்னும் மங்கும். கோடு தெரியவில்லை என்பதாலேயே கட் கிளாஸ் என்று முடிவு செய்யாதீர்கள்.

முத்திரையே இல்லாவிட்டால் அடர்த்தியைப் பாருங்கள். சமையலறைத் தராசில் முதலில் பாத்திரத்தை எடை போடுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு பெரிய வாளி நீரை வைத்துப் பூஜ்யமாக்கி, பாத்திரத்தை நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் இறக்குங்கள். இப்போது காட்டும் கிராமால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. 400 கிராம் பாத்திரம் நீரில் 160 காட்டினால் 2.5, சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. 130 காட்டினால் 3.1, ஈயக் கண்ணாடி. உள்ளே காற்றுக்குமிழ் சிக்கினால் கணக்கு தவறும், சாய்த்து வெளியேற்றுங்கள். இங்கிலாந்தில் 1830-களில் தொடங்கிய ஆரம்பகால அழுத்துக் கண்ணாடியில் ஈயம் சாதாரணம். சவர்பி, டேவிட்சன் காலத்து மலிவுச் சரக்கில் பெரும்பாலும் சோடா-சுண்ணாம்பு. விளிம்பைத் தட்டி மணி ஓசை கேட்பதை நான் நம்புவதில்லை. கனத்த கிண்ணம் ஈயக் கண்ணாடியானாலும் சரியாக ஒலிக்காமல் போகலாம்.

மஞ்சள் அல்லது பச்சை நிறமானால் இருட்டில் 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். பளிச்சென்ற பச்சை ஒளி, நிறத்துக்காகக் கண்ணாடியில் சேர்த்த யுரேனியத்தைக் காட்டும். மங்கிய பச்சை மாங்கனீசிலிருந்தும் வரும். ஆனால் யுரேனியம் வயதுக்குச் சான்றல்ல, இன்றும் செய்கிறார்கள்.

போலிகளைப் பொறுத்தவரை, பழைய பாத்திரத்தையே மாதிரியாக்கி அச்சு எடுத்தால் உலோகமும் கண்ணாடியும் ஆறும்போது சுருங்கி, அளவு சற்றுக் குறையும், நுண்கோடுகள் மழுங்கும். அடித்தேய்மானத்தையும் லென்ஸில் பாருங்கள். உண்மையான தேய்மானம் பாத்திரம் தரையைத் தொடும் இடங்களில் மட்டும், எல்லாத் திசையிலும் தாறுமாறான கீறல்களாக இருக்கும். ஒரே திசையில் இணையாக ஓடினால் உப்புத்தாள் தேய்த்திருக்கிறார்கள்.

பதிலின் கீழே படம் போடுவதானால் முத்திரையைப் பக்க ஒளியில் ஒன்று, அடிப்பகுதி முழுதும் ஒன்று, பக்கவாட்டில் அளவுகோலுடன் ஒன்று, உட்புறம் ஒன்று எடுத்துப் போடுங்கள். எடையையும் சொல்லுங்கள். முத்திரை கிண்ணத்தின் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.