காரிலிருந்து இறங்கும்போது கதவு ஏன் சுரீரென்று அடிக்கிறது?

ஓடாமல் ஒரே இடத்தில் தங்கிவிடும் மின்சுமைதான் நிலைமின்சாரம். இருக்கை உறையும் நம் உடையும் ஒட்டிப் பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் தாவுகின்றன. இறங்கும்போது அந்தச் சுமை உடலோடு வந்துவிடுகிறது. ரப்பர் செருப்பு அதைத் தரைக்கு விடுவதில்லை. குழாய் வாயில் துளி திரண்டு, கனம் தாங்காமல் சட்டென விழுவதுபோல, விரல் கதவின் உலோகத்தை நெருங்கியதும் சுமை பொறியாகப் பாய்கிறது. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும்! பாயும் சுமையோ மிகச் சொற்பம். அதனால்தான் சிறு வலியோடு தப்பிக்கிறோம். ஈரக்காற்றில் அது மெல்லக் கசிந்துவிடும், வறண்ட ஏசி காற்றில் சேர்ந்துகொண்டே போகும். கதவின் உலோகச் சட்டத்தைப் பிடித்தபடியே இறங்கினால் பெரும்பாலும் தொல்லையில்லை.

பேட்டரியிலிருந்து மின்சாரம் கசிகிறதென்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்: 12 வோல்ட் பேட்டரி உலர்ந்த தோலில் இப்படி அடிக்காது.