மொழித் தத்துவப் பேராசிரியரான பீட்டர் லட்லோ, கணினி விளையாட்டுக்குள் நடப்பதைச் செய்தித்தாள் நடத்தி எழுதியது ஏன்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நானும் முதலில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் பொருண்மையியல் (சொற்பொருள் பற்றிய ஆய்வு), வினைச்சொல்லின் காலம் என்று பல்லுடைக்கும் புத்தகங்கள் எழுதுகிறவர். இன்னொருவர் இணைய விளையாட்டில் நடக்கும் பித்தலாட்டங்களைத் துப்பறிகிறவர். இருவரும் ஒரே ஆள் என்று தெரிந்தபோது, உங்களுக்கு வந்த கேள்விதான் எனக்கும் வந்தது.

முதலில் விளையாட்டுக் கதை. 'தி சிம்ஸ் ஆன்லைன்' 2002 டிசம்பரில் வந்தது. மாதச் சந்தா கட்டி உள்ளே போனால் வீடு கட்டலாம், சம்பாதிக்கலாம், அரட்டை அடிக்கலாம். அதில் ஒரு நகரத்தின் பெயர் 'ஆல்ஃபாவில்'. அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த லட்லோ, யூரிசெனஸ் என்ற பெயரில் அங்கே குடியேறினார். 2003 அக்டோபரில் 'ஆல்ஃபாவில் ஹெரால்ட்' என்ற இணையப் பத்திரிகையைத் தொடங்கினார். புதிதாக வருகிறவர்களிடம் சிமோலியனை, அதாவது அந்த ஊர்க் காசை, ஏமாற்றிப் பறிப்பவர்கள், தங்களை 'நிழல் அரசு' என்று அழைத்துக்கொண்ட கும்பல், காசுக்குப் பாலியல் அரட்டை விற்கும் வீடுகள், அதில் பதின்வயதினர் இருப்பதாக வந்த தகவல் என்று எல்லாமே அதில் செய்தியாயின. விளையாட்டுக் காசுதானே என்று விடவும் முடியாது. சிமோலியன் ஈபேயில் நிஜ டாலருக்கு விலைபோனது.

டிசம்பரில் விளையாட்டை நடத்திய நிறுவனம் அவர் கணக்கை மூடியது. காரணம்? தன் கதாபாத்திரத்தின் விவரப் பக்கத்திலிருந்து அந்தப் பத்திரிகைக்கு இணைப்புக் கொடுத்திருந்தார், அது வணிக இணைப்பாம். விஷயம் 'நியூயார்க் டைம்ஸ்' வரை போனது.

இனி மொழிக்கு வருவோம். 2014இல் வந்த அவருடைய 'லிவிங் வேர்ட்ஸ்' நூலில் ஒரு குதிரை வருகிறது. செக்ரெட்டேரியட் என்ற பந்தயக் குதிரையை, 20ஆம் நூற்றாண்டின் சிறந்த அத்லெட்டுகள் பட்டியலில் ஈஎஸ்பிஎன் 35ஆவது இடத்தில் வைத்தது. குதிரையை அத்லெட் எனலாமா என்று சண்டை. (தமிழில் 'விளையாட்டு வீரர்' என்று எழுதியிருந்தால் அஃறிணை என்று சொல்லி வாசலிலேயே நிறுத்தியிருப்போம்!) அகராதியைப் புரட்டி இதைத் தீர்க்க முடியாது என்பது லட்லோவின் கட்சி. சொல்லுக்குப் பொருள் முழுசாக வார்த்துவைக்கப்பட்டிருப்பதில்லை. பேசுகிறவர்கள் பேசும்போதே ஒரு குட்டி மொழியை உண்டாக்கி, சொல்லின் எல்லையை இழுத்தும் சுருக்கியும் வாதாடி ஒப்புக்கொள்கிறார்கள். 2006இல் புளூட்டோ 'கோள்' இல்லை என்று ஆனதும் இப்படி ஒரு வாதாட்டத்துக்குப் பிறகுதான்.

இப்போது 'வணிக இணைப்பு' என்ற சொல்லைப் பாருங்கள். அதற்கு என்ன பொருள் என்று வாதாட ஆல்ஃபாவில் நகரில் இடமே இல்லை. விதியை எழுதியவர், அதற்குப் பொருள் சொல்பவர், தண்டனை கொடுப்பவர் மூவரும் ஒரே கம்பெனி. மொழித் தத்துவக்காரர் ஒருவருக்கு இது உறுத்தாமல் போனால்தான் ஆச்சரியம். அவரே இரண்டையும் இப்படி முடிச்சுப் போட்டார் என்று சொல்லமாட்டேன், இது என் வாசிப்பு.

எனக்கே நடந்தது ஒன்று உண்டு. ஒரு வாசிப்புக் குழுவில் பழைய புத்தகம் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். நான் ஒரு கடையின் முகவரியைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதிவு காணோம். "இங்கே விளம்பரம் கூடாது." அந்தக் கடையால் எனக்கு ஒரு டீ கூடக் கிடைத்ததில்லை என்றேன். "எது விளம்பரம்னு அட்மின்தான் முடிவு பண்ணுவோம்" என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். வேறென்ன செய்ய?

மக்களே ஆண்டால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் அவ்வளவு சுலபமில்லை. லட்லோ 2001இல் தொகுத்த 'கிரிப்டோ அனார்க்கி, சைபர்ஸ்டேட்ஸ் அண்ட் பைரேட் யுடோபியாஸ்' நூலில் லாம்ப்டாமூ பற்றிய கட்டுரைகள் உண்டு. அது ஜெராக்ஸின் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய, வெறும் எழுத்தாலேயே ஆன உலகம். அங்கே சர்வரை நடத்துகிறவர்களுக்குப் பெயரே 'மந்திரவாதிகள்'. இனி தொழில்நுட்பம் மட்டும் எங்கள் வேலை, பஞ்சாயத்தை நீங்களே பாருங்கள் என்று 1992இல் ஒதுங்கினார்கள். அப்புறம் மனு, வாக்கெடுப்பு எல்லாம் வந்தன. 1996இல் மந்திரவாதிகளே திரும்பி வந்தார்கள். தொழில்நுட்ப முடிவு எது, ஊர் முடிவு எது என்று கோடு கிழிக்கவே முடியவில்லை என்றார்கள்.

படிக்க நினைத்தால், மார்க் வாலஸுடன் சேர்ந்து லட்லோ எழுதிய 'தி செகண்ட் லைஃப் ஹெரால்ட்' நூலில் தொடங்குங்கள் (அதே பத்திரிகைக்குப் பின்னாளில் வந்த பெயர் அது), 2007இல் வந்தது, கதைபோல ஓடும். 'லிவிங் வேர்ட்ஸ்' அதற்கு அப்புறம். ஆல்ஃபாவில் நகரை மட்டும் போய்ப் பார்க்க முடியாது. 2008 ஆகஸ்டில் சர்வரை அணைத்துவிட்டார்கள். அதற்கு எந்த வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை.