மறையேற்றம் எங்கே தங்கும்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த சேதன இரசாயனக் கேள்விகள் சில.

சேர், எதனோலிலும் பீனோலிலும் ஒரே ஐதரொட்சில் கூட்டம்தானே? பீனோல் மட்டும் ஏன் அமிலம்? (களுவாஞ்சிகுடி மாணவி)

புரோத்தன் கழன்றபின் மிஞ்சும் அயனைக் கீறிப் பாருங்கள், மகள். எதனோல் தரும் எதொட்சைட்டில் மறையேற்றம் (எதிர் மின்னேற்றம்) முழுவதும் ஒற்றை ஒட்சிசன் மேல் கிடக்கிறது. பீனோல் தரும் பீனொட்சைட்டில் அது பென்சீன் வளையத்துக்குள் பரவி, இரண்டு ஓதோ (அடுத்துள்ள) காபன்களுக்கும் பரா (நேரெதிரேயுள்ள) காபனுக்கும் போகிறது. ஏற்றம் பரவினால் அயன் உறுதியாகும். அமில வலுவைக் காட்டும் பீகேஏ (pKa) பெறுமானம் குறையக் குறைய அமிலம் வலியது; அது எதனோலுக்கு ஏறத்தாழ 16, பீனோலுக்கு 10. ஓர் அலகு பத்து மடங்கு. ஆறு அலகு பத்து இலட்சம் மடங்கு!

பீனோல் கூடிக் கலங்கிய நீரில் சோடியம் ஐதரொட்சைட்டு விட்டால் தெளிந்துவிடும். சோடியம் ஐதரசன் காபனேற்று போட்டால் நுரை வராது. வினாகிரியில் வரும். காரணம், வினாகிரியின் அமிலம் புரோத்தனை இழந்து தரும் அசற்றேற்று அயனில் ஏற்றத்தை இரண்டு ஒட்சிசன்கள் சமமாகத் தாங்குகின்றன. மின்னெதிர்த்தன்மை (இலத்திரனை இழுக்கும் தன்மை) குறைந்த, பீனொட்சைட்டின் காபனுக்கு அந்த வலு இல்லை. "பரிவினால்" (ஏற்றம் பல அணுக்களில் பரவுவதால்) என்று ஒரு சொல்லோடு விடையை முடிக்காதீர்கள், கட்டமைப்புகளைக் கீறுங்கள்.

லூக்காஸ் சோதனையில் புடை அற்ககோல் உடனே கலங்குவது ஏன்? (அக்கரைப்பற்று)

இச்சோதனையில் அற்ககோலோடு நாகக் குளோரைட்டும் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ப்போம். ஐதரொட்சில் தாங்கும் காபனோடு மூன்று காபன் கூட்டங்கள் இருந்தால் புடை அற்ககோல், ஒன்று இருந்தால் முதல் அற்ககோல். புடையில் நீர் கழன்றதும் வரும் காபோகற்றயனை (நேரேற்றமுள்ள காபன் அயனை) மூன்று அற்கைல் கூட்டங்கள் இலத்திரன் தந்து தாங்குகின்றன. கலங்கல், கரையாத அற்கைல் குளோரைட்டு. "முதல் அற்ககோல் அறைவெப்பநிலையில் கலங்காது" என்று மட்டும் பாடமாக்கினால் பென்சைல் அற்ககோலில் பிழைக்கும். அதுவும் முதல்தான், ஆனால் அதன் கற்றயனை வளையம் தாங்குவதால் விரைவாகக் கலங்கும்.

குளோரோபென்சீன் ஏன் இலகுவில் பிரதியீடு அடையாது? (காத்தான்குடி)

பிரதியீடு என்றால் குளோரீனின் இடத்துக்கு வேறு கூட்டம் வருவது. குளோரீனின் தனிச்சோடி இலத்திரன்கள் வளையத்தோடு பரிவுறுவதால் அந்தப் பிணைப்புக்கு ஓரளவு இரட்டைப் பிணைப்பு இயல்பு உண்டு. பின்பக்கத்தால் கருநாடி (இலத்திரன் சோடி தந்து தாக்குவது) வரவும் வளையம் விடாது. ஓதோ, பரா இடங்கள் மூன்றிலும் நைத்திரோக் கூட்டம் இருந்தால் கதை மாறும். குளோரீனை அகற்ற இளஞ்சூட்டு நீரே போதும்.

தேங்காய் எண்ணெய் நாள்பட இருக்கிறது, மீன் எண்ணெய் சீக்கிரம் காறுகிறதே? (வாழைச்சேனை, ஒரு தாயார்)

நல்ல கேள்வி, அம்மா. மீன் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் பல. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவிலுள்ள காபனின் ஐதரசன் மிக இலகுவில் கழலும். காற்றின் ஒட்சிசன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய (இரட்டைப் பிணைப்பில்லாத) கொழுப்பமிலம், அதனால் அந்த வழி அநேகமாக அடைபட்டிருக்கிறது. ஆனால் கொப்பறா சரியாகக் காயாவிட்டால் ஈரம் கொழுப்பமிலத்தைப் பிடித்திருக்கும் எசுத்தர்ப் பிணைப்பை உடைக்கும், அப்போது தேங்காய் எண்ணெயும் காறும். மீன் எண்ணெயைக் கறுத்தப் போத்தலில், கழுத்துவரை நிரப்பி, குளிரில் வையுங்கள்.