தாளா, திரையா? வராத ஏழு இதழ்களின் கணக்கு

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பு செய்கிறேன். சென்னைப் பதிப்பகங்களுக்குத் தமிழ்ப் புத்தகங்கள், இங்குள்ள கம்பெனிகளுக்கு ஆண்டறிக்கைகள். எல்லாம் அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில்தான். வருடத்துக்கு 13 லட்சத்துக்கு பில் போடுகிறேன், செலவு போக 9 லட்சம் நிற்கும். ஆனால் மாதா மாதம் ஒரே மாதிரி வராது. பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கென்றே வரும் ஒரு வெளிநாட்டு மாத இதழை இரண்டு வருடமாக அச்சில் வாங்கினேன். 24 இதழ்களில் 17தான் கைக்கு வந்தன. இப்போது சந்தா முடிகிறது. இன்றைய டாலர் விலையில் ஒரு வருடத்துக்கு அச்சு, தபால் செலவோடு 11,400 ரூபாய், டிஜிட்டல் 4,900, இரண்டும் சேர்த்து 13,500, மூன்று வருட டிஜிட்டல் 11,700. மூன்று வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடு, தொழில் செலவாக வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். எனக்கோ மனசு அச்சில்தான். அப்பா ஸ்ரீராமபுரத்தில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். தாளைத் தடவிப் பார்த்து வளர்ந்தவள் நான். இதே தொழிலில் இருக்கும் இரண்டு தோழிகளுக்கும் இதே குழப்பம். எது சரி?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் வரி விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கே ஒன்றும் இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். உங்களுக்கு நிற்பது 9 லட்சம். இல்லாத வரியில் எதைக் கழிப்பது? கணக்குப் புத்தகம் எழுதாமல் வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டுபவராக இருந்தால், பிற்பாடு வருமானம் கூடினாலும் சந்தாவைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அந்தச் சதவீதத்துக்குள் அடங்கிவிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கணக்கு எழுதி, செலவுகளைக் காட்டி, 12 லட்சத்தைத் தாண்டும் வருடத்தில் உங்கள் கணவர் சொல்வது சரியாக இருக்கும். இந்த வருடம் இல்லை. ‘வரியில் கழித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிச் சொல்லியே நம் ஊரில் எத்தனையோ தேவையில்லாத பொருட்கள் வீடு வந்து சேர்ந்திருக்கின்றன.

இனி விலை. நீங்கள் எழுதியிருக்கும் தொகைகள் அவர்கள் பக்கத்தில் போட்டிருப்பவை. கார்டில் போகும் தொகை வேறு. நம் நாட்டில் அச்சில் வரும் பத்திரிகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே பத்திரிகை டிஜிட்டலாக வந்தால் 18 சதவீதம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்தாலும், ஜிஎஸ்டி பதிவு இல்லாத உங்களைப் போன்றவரிடம் அதை வசூலித்து இங்கே கட்ட வேண்டிய பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமாவது 20 லட்சத்துக்கு மேல்தான், எனவே உங்களுக்கு அது இன்னும் தூரம். பதிவு செய்தவர் என்றால் அந்த வரியைத் தானே கட்டி, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அது நிகரச் செலவு.

இதற்கு மேல் கார்டு கம்பெனியின் பங்கு. வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள், அந்த மார்க்கப்புக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. எல்லாம் போட்டுப் பார்த்தால் 4,900 ரூபாய் டிஜிட்டல் சந்தா சுமார் 6,020 ஆகிறது. 11,400 ரூபாய் அச்சுச் சந்தா சுமார் 11,870. வித்தியாசம் 6,500 என்று நீங்கள் நினைத்தது உண்மையில் 5,850. மார்க்கப் குறைவான கார்டு வைத்திருந்தால் இதில் கொஞ்சம் மிச்சமாகும். அதற்காகவே ஒரு புதுக் கார்டு வாங்க வேண்டாம்.

ஆனால் இந்த 5,850ஐயும் நான் நம்பமாட்டேன். உங்கள் கணக்கில் பெரிய எண் வராத அந்த ஏழு இதழ்கள். இரண்டு வருடத்துக்கு இன்றைய விலையிலேயே 23,740 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தவை 17. அப்படியானால் ஓர் இதழ் ஏறக்குறைய 1,400 ரூபாய். டிஜிட்டலில் 12ம் வந்துவிடும், ஓர் இதழ் 500 ரூபாய். தாளின் வாசனைக்கு ஓர் இதழுக்கு 900 ரூபாய் கொடுக்கிறீர்கள். கொடுக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

அடுத்தது, இந்த மாதிரிப் பத்திரிகையில் எது நிற்கும், எது கெட்டுப்போகும் என்பது. கத்தரிக்காயும் புளியும் ஒரே கடையில் வாங்கினாலும் ஒரே அலமாரியில் வைப்பதில்லையே. இன்டிசைனைத் தயாரிக்கும் அடோபி 2012-ல் சிஎஸ்6 என்ற மென்பொருள் தொகுப்பை வெளியிட்டது. 2013 மே மாதம், இனி பெட்டியில் வரும் பதிப்பு கிடையாது, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. அதற்கு முன் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை, இரண்டு வருடம் இருந்தது. அச்சில் வந்த ஒரு செய்முறைக் கட்டுரை அதுவரை செல்லுபடியாகும். இப்போது அப்டேட் எப்போது வேண்டுமானாலும் வருகிறது. கப்பலிலும் தபாலிலும் வந்து சேரும் இதழில் ‘இந்த மெனுவுக்குப் போங்கள்’ என்று எழுதியிருந்தால், நீங்கள் போகும்போது அந்த மெனு இடம் மாறியிருக்கலாம். பழைய டைப் 1 எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் அடோபி அவற்றுக்கான ஆதரவை நிறுத்தியது. அவற்றை எப்படிக் கையாளுவது என்று எத்தனை பக்கம் படித்திருந்தாலும் அந்தப் பக்கங்கள் அன்றே காலாவதி.

செய்முறைக் குறிப்புகள் கத்தரிக்காய். தேடக் கிடைக்க வேண்டும், உடனே சமைக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு, காலையில் அச்சகத்துக்குப் போக வேண்டிய ஆண்டறிக்கையில் அடிக்குறிப்புகள் அடுத்த பக்கத்துக்கு ஓடுகின்றன என்றால், பீரோவில் இருக்கும் 17 இதழ்களைப் புரட்டமாட்டீர்கள். பிடிஎஃப் கோப்புகளில் தேடினால் அரை நிமிடம். மாறாக, எழுத்துரு வரலாறு, நல்ல புத்தகங்களின் பக்க அமைப்பு, விளிம்பு அளவுகள் பற்றிய நீண்ட கட்டுரைகள் புளி மாதிரி. வருடங்கள் கழித்தும் பயன்படும், அவற்றைத் தாளில் பார்ப்பதிலும் அர்த்தம் உண்டு. உங்கள் இதழில் எது அதிகம் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். கைவசம் உள்ள 17 இதழ்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் பரப்பி, வேலைக்கு உதவிய கட்டுரைகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தமிழ்ப் புத்தகம் செய்கிறவர் என்பதால் இன்னொன்றும் பாருங்கள். தமிழ் எழுத்துகள் உடையாமல் வர இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற எழுத்துக் கோப்பு வசதி வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் உங்கள் வேலையில் பாதிக்கு உதவாமல் போயிருக்கலாம். கோடுகள் பத்துக்குக் கீழே என்றால், தாளா திரையா என்ற கேள்விக்கே போக வேண்டாம், ஒரு வருடம் சும்மா இருங்கள்.

சரி, மூன்று வருடத் திட்டம். உங்கள் கணவரிடம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் கட்டினால் 14,700, மொத்தமாகக் கட்டினால் 11,700. இன்று கூடுதலாகக் கொடுப்பது 6,800, அடுத்த இரண்டு வருடங்களில் மிச்சமாவது 9,800. வட்டிக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு சுமார் 28 சதவீதம். எந்த பேங்க் டெபாசிட்டும் பக்கத்தில்கூட வராது. டாலர் ஏறினாலும் உங்களுக்குக் கவலை இல்லை. 2013-ல் 60 ரூபாயைத் தாண்டிய டாலர் 2022-ல் 80ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

அப்படியிருந்தும் நான் வேண்டாம் என்கிறேன். அந்த 28 சதவீதம் கிடைக்க இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும்: மூன்றாவது வருடமும் நீங்கள் படிக்க வேண்டும், மூன்றாவது வருடமும் பத்திரிகை இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் சலித்துவிட்டால் 1,900 ரூபாய் நஷ்டம். ஒரே வருடத்தில் நின்றுவிட்டால் 6,800 போச்சு. பத்திரிகை இருக்குமா என்பது சின்னக் கேள்வி இல்லை. பிரிட்டனில் 1985-ல் தொடங்கிய மேக்யூசர் 2015-ல் நின்றது. அமெரிக்காவில் 1940 முதல் வந்த ‘பிரிண்ட்’ வடிவமைப்பு இதழ் 2017-ல் அச்சை நிறுத்தியது. கம்ப்யூட்டர் ஆர்ட்ஸ், நெட் என்ற இரண்டு இதழ்களையும் 2020-ல் மூடினார்கள். இவையெல்லாம் பெரிய பெயர்கள். ஒரே ஒரு மென்பொருள் வகையை நம்பி நடக்கும் சின்ன இதழுக்கு, அந்த மென்பொருளின் சந்தை ஆடினாலே காய்ச்சல் வரும்.

நீண்ட சந்தா என்பது நீங்கள் பதிப்பாளருக்குக் கொடுக்கும் அடமானம் இல்லாத கடன். நான் ஒருமுறை கொடுத்தேன். ஒரு கணினிப் பத்திரிகைக்கு மூன்று வருடம் கட்டி, பதினாலாவது மாதம் கடை மூடினார்கள். மீதிப் பணத்துக்குப் பதிலாக அவர்களுடைய வேறொரு பத்திரிகையை அனுப்ப ஆரம்பித்தார்கள். மோட்டார் சைக்கிள் பற்றியது. எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

இன்னொன்று, உங்கள் வரவு மாதா மாதம் ஒரே மாதிரி வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்குக் கையில் உள்ள பணத்தின் மதிப்பே வேறு. பதிப்பகம் பில்லை மூன்று மாதம் இழுத்தடிக்கும்போது அந்த 6,800 வீட்டில் இருப்பது நல்லது. மிச்சமாகும் பணத்தை எஸ்ஐபியில், அதாவது மாதா மாதம் மியூச்சுவல் ஃபண்டில், போட்டால் இருபது வருடத்தில் இவ்வளவு ஆகும் என்று வரைபடம் போட்டுக் காட்ட மாட்டேன். அந்தக் கணக்கு எழுதுபவர்களுக்குத்தான் பிடிக்கும்.

இரண்டும் சேர்ந்த 13,500 திட்டத்தைப் பற்றி ஒரே வரி: அதே இதழுக்கு இரண்டு முறை கட்டணம், விட்டுவிடுங்கள்.

தோழிகள் இருவரையும் சொன்னீர்களே, அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. டிஜிட்டல் சந்தா பெரும்பாலும் ஒருவருக்கான உரிமம், கடவுச்சொல்லைப் பங்குபோடுவது விதிமீறல். அச்சு இதழை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கேட்க ஆளில்லை. மூன்று பேர் சேர்ந்து ஒரு அச்சுச் சந்தா எடுத்தால் தலைக்கு 3,960 ரூபாய். தனித்தனி டிஜிட்டலைவிட இரண்டாயிரம் குறைவு. படித்து முடித்த இதழ் உங்களுக்கே சொத்து, சர்ச் தெருப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்துக்கொள்வார்களா என்றும் விசாரிக்கலாம். சிக்கல் என்னவென்றால், மூன்றாவது ஆள் கைக்குப் போகும்போது இதழுக்கு மூன்று மாத வயது. குறிப்புகளுக்காகப் படிப்பவருக்கு அது பழசு. பக்க அமைப்பு பார்த்து ரசிப்பவருக்கு ஒன்றும் குறையாது. தபாலில் வராமல் போகும் இதழ்களின் கணக்கு இங்கேயும் உண்டு, மூன்று பேருக்கும் சேர்த்து.

என் யோசனை: ஒரு வருட டிஜிட்டல். ஆனால் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேட்டுப் பதில் வாங்குங்கள். இதழைப் பிடிஎஃப்ஆக இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா, அல்லது அவர்களுடைய செயலிக்குள் மட்டுமா? சந்தா நின்றபின் பழைய இதழ்கள் திறக்குமா? செயலிக்குள் மட்டும், சந்தா முடிந்தால் பூட்டு என்றால் நீங்கள் 6,020 கொடுத்து வாங்குவது வாடகை. அப்போது தோழிகளோடு அச்சுச் சந்தாவே மேல் என்பேன். பிடிஎஃப் என்றால் தயங்காதீர்கள். மனசுக்குப் பிடித்த ஏதாவது சிறப்பிதழ் வந்தால் அந்த ஒன்றை மட்டும் அச்சில் தனியாக வரவழையுங்கள். அப்பாவுக்கும் காட்டலாம்.

கட்டும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தொடர்ந்து பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தக் குறுஞ்செய்தி ஆயிரம் விளம்பரங்களுக்கு நடுவில் கண்ணில் படாது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அன்றைக்கு மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் இன்றே ஒரு வேலை. வராத ஏழு இதழ்களின் மாதங்களைக் குறித்து, சந்தா எண்ணோடு அவர்களுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள், அது திரும்பவும் அதே தபாலில் தொலையும். அந்த ஏழையும் டிஜிட்டலாகக் கொடுங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் சந்தாவை ஏழு மாதம் நீட்டச் சொல்லுங்கள். கொடுத்தார்களானால், புதிதாக ஒரு ரூபாய் கட்டுமுன் ஏழு இதழைத் திரையில் படித்துப் பார்த்து, உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் தோழிகளுக்கு போன் போடுங்கள்.