வாடகை வீட்டில் ஓதமும் பூஞ்சணமும்: டெல்டா வீட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கும்பகோணம்): பாட்டன் காலத்து வீடு, வாடகைக்கு விட்டிருக்கிறேன். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவர் ஓதம் அடித்துக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்கிறது. சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தும் ஒரே மழைக்காலத்தில் திரும்பிவிட்டது. டைல்ஸ் ஒட்டிவிடலாமா?

பதில்: டைல்ஸ் வேண்டாம் சார். ஒட்டினால் ஈரம் அதன் பின்னால் ஏறி, டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேல் பூக்கும். அந்தக் காலத்துச் சுவரில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு பெரும்பாலும் இருக்காது. நம் பக்கம் களிமண். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் நிலத்தடி நீரும் மேலேறி நிற்கும். செங்கல் அதை உறிஞ்சிச் சுமார் மூன்றடி வரை இழுத்துவிடும். முன்பு சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் காய்ந்து வெளியேறிக்கொண்டிருந்தது. இப்போது சிமெண்டும் பட்டியும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிட்டன.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். ரோட்டை மேலுக்கு மேல் போட்டுப் போட்டு, தெரு உங்கள் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா? சுவரை ஒட்டிய மண் உள்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். மண்ணை எடுக்க இடமில்லை என்றால், ஓர் அடி அகலத்துக்குப் பள்ளம் வெட்டி ஜல்லி நிரப்பி, வடிகாலை நோக்கிச் சரிவு கொடுங்கள். தண்ணீர் போக வழியில்லாத பள்ளம் இன்னும் கெடுதல்.

அடுத்து உள்பக்கம். ஓதக் கோட்டுக்கு மேல் இன்னும் ஓர் அடி வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டி, மாசி முதல் சித்திரை வரை அப்படியே காயவிடுங்கள். கொத்தனார் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. அரை அங்குலத்துக்கு மிகாமல் இரண்டு பூச்சு. முதல் பூச்சு இறுகிய பிறகே இரண்டாவது. ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு மூன்று கை அடித்தால் போதும். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. ஆனால் அந்தக் காரம் நாளடைவில் குறைந்துவிடும், அதனால் ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். பட்டி, ஜிப்சம், பிளாஸ்டிக் பெயிண்ட் மூன்றும் அந்த உயரத்துக்குக் கீழ் வரவே கூடாது. ஓதம் முழுக்க நிற்காது. ஆனால் சுவர் மூச்சு விடும், குடியிருப்பவர்களுக்கும் நிம்மதி.

கேள்வி (மயிலாடுதுறை): சுவர் கசிகிறது என்கிறார் குடியிருப்பவர். அவர்கள் அறைக்குள் துணி காயப்போடுவதால்தான் என்கிறேன் நான். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைக் கறை படிந்த இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, பொறுப்பு உங்களுடையது. அறைப்பக்கம் கோத்திருந்தால் காற்றின் ஈரம். சுவருக்குள் ஓடும் குழாய்மேல் சந்தேகம் இருந்தால், இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டார் போடாமல், மாடித் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள்.

காற்றின் ஈரம் என்றே தெரிந்தாலும் பழியைக் குடியிருப்பவர் தலையில் போட்டு ஒதுங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அவர்கள் துணியை வேறெங்கே போடுவார்கள்? மாடிப்படிக்கு அடியிலோ பின்கட்டிலோ கூரையுள்ள ஒரு கொடி கட்டிக்கொடுங்கள். கொசுவுக்குப் பயந்துதான் ஜன்னலைச் சாத்துகிறார்கள். வலை அடித்துக்கொடுத்தால் திறப்பார்கள். பாத்ரூமில் ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், கதவுக்கு அடியில் முக்கால் அங்குல இடைவெளி. பீரோவைச் சுவரிலிருந்து மூன்றங்குலம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (திருவாரூர்): பூஞ்சணத்தைக் கழுவ ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு? ஆசிட் கலந்தால் வேகமாகப் போகும் என்கிறார்கள்.

பதில்: ஆசிட் கலக்கவே கலக்காதீர்கள், அம்மா. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

முதலில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, என்-95 முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். காய்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். அதனால் சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை துடைக்க வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் புது ப்ளீச்சிங் பவுடர், ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துக் காயவிடுங்கள். இது டைல்ஸுக்கும் சிமெண்ட் தரைக்கும் சரி. மரக்கதவுக்கும் பூச்சுச் சுவருக்கும் மேல்கறை மட்டுமே போகும், உள்ளே ஊறியது நிற்கும். நனைந்த ஜிப்சம் சீலிங்கையும் பஞ்சு மெத்தையையும் காப்பாற்ற முயலாமல் அப்புறப்படுத்துங்கள். பத்துச் சதுர அடிக்கு மேல் பரவியிருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தாலோ, வேலை முடியும்வரை அவர்களை வேறு இடத்தில் தங்க வையுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): சுவரில் வெள்ளையாகப் பூக்கிறது. அதுவும் பூஞ்சணமா?

பதில்: ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்தால் உப்பு. கழுவாதீர்கள், திரும்ப உள்ளே ஊறும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): முற்றத்தின் மேல் ஷீட் போட்டு மூடிய பிறகுதான் உள்ளறைகளில் பூஞ்சணம் வந்தது. ஷீட்டைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: பிரிக்க வேண்டாம், உயர்த்துங்கள். அந்த வீட்டின் சூடான ஈரக்காற்று வெளியேறும் வழியே முற்றம்தான். ஓட்டு விளிம்புக்கும் ஷீட்டுக்கும் நடுவே சுற்றிலும் ஓர் அடி இடைவெளி விட்டு வலை அடித்து, சாரல் உள்ளே வராமல் ஷீட்டை ஒன்றரை அடி வெளியே நீட்டுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்துப் புதுக் குடித்தனம் வைக்கலாமா?

பதில்: மார்கழியில் நம் சுவர்கள் ஊறிக் கிடக்கும். அப்போது எமல்ஷன் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும், உரிந்துதான் வரும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, பெயிண்டை வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணிக்குள் மாடியில் தட்டோட்டு இடுக்குகளை அடைத்து, மழைநீர்க் குழாய் வாயில் சருகை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (திருவையாறு): காலி செய்பவரின் அட்வான்ஸில் பூஞ்சணத்துக்குப் பிடிக்கலாமா?

பதில்: மாடி ஒழுகியோ ஓதம் ஏறியோ வந்தது என்றால் நியாயமில்லை. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குடியிருப்பவர் உண்டாக்கிய சேதம் மட்டும் விலக்கு. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டார் என்பது போன்ற சேதம் இருந்தால், குடிவந்த நாளில் எடுத்த படமும் ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்திட்ட குறிப்பும் காட்டிப் பேசுங்கள். அவை இல்லையென்றால் முழு அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.